அப்பா பிடித்த கை

என் மகள் பஸ் டிக்கெட்டை செல்போன் உறைக்குள் செருகி வைப்பாள். இறங்கியதும் தூக்கிப் போட மாட்டாள். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, கால் கழுவின பிறகுதான் அந்தத் துண்டுக் காகிதம் குப்பைக்கூடைக்குப் போகும்.

"ஏம்மா, இறங்கினதும் போட வேண்டியதுதானே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியலைப்பா. நீங்க வாட்ச் பட்டையில செருகிப்பீங்கல்ல... பார்த்துப் பார்த்து வந்திருக்கும்" என்றாள்.

நான் ஏன் வாட்ச் பட்டையில் செருகுகிறேன்? என் அப்பா அப்படித்தான் செய்வார். டிக்கெட்டை நாலாக மடித்து, பட்டைக்கு அடியில் தள்ளிவிடுவார். வீட்டுக்கு வந்து வாட்ச்சைக் கழற்றும்போதுதான் அதுவும் விழும். அப்பா இறந்தபோது என் மகள் பிறக்கவே இல்லை. கூடத்துச் சுவரில் மாலை போட்ட போட்டோவாகத்தான் அவளுக்குத் தாத்தாவைத் தெரியும். ஆனாலும், வாட்ச்சே கட்டாத இந்தப் பெண்ணின் செல்போனுக்குள் உட்கார்ந்துகொண்டு அவர் தினமும் பஸ்ஸில் போய்வருகிறார்.

இப்படி நினைக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருக்கும். தாத்தா மாதிரியே தும்முகிற பேரன், அப்பா மாதிரியே பேப்பரை மடிக்கிற மகன். சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஆனால், அப்பாக்கள் டிக்கெட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போவதில்லை. எனக்கு வந்த இன்னொன்றைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

*

எங்கள் ஊர் திருவையாறு. வீட்டிலிருந்து காவிரிப் படித்துறைக்கு ஐந்து நிமிட நடை. ஆடியில் புதுத் தண்ணீர் செங்காவி நிறத்தில் நுரைத்துக்கொண்டு வரும். தெருப் பையன்கள் அத்தனை பேரும் மண்டபத்து மேலேயிருந்து 'தொப் தொப்'பென்று குதிப்பார்கள். கண்ணெல்லாம் சிவந்து, விரல் நுனி சுருங்கி, பசியோடு வீட்டுக்கு ஓடுவார்கள்.

நான் நாலாவது படியில் உட்கார்ந்திருப்பேன். அப்பா செம்பில் தண்ணீர் மொண்டு என் தலையில் ஊற்றுவார். அவருடைய வலது கையில் செம்பு. இடது கையில் என் மணிக்கட்டு. ஆடிப்பெருக்கன்று அம்மா காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டு விளக்கை மிதக்கவிடும்போதும் அந்தப் பிடி தளராது. வீட்டுக்கு வந்து பார்த்தால் நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருக்கும்.

"உங்கப்பா உன்னைச் செம்புத் தண்ணியிலயே வளர்த்துடுவார்டா" என்று பையன்கள் கேலி பண்ணுவார்கள்.

அப்பாவைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவரைப் போல ஒரு அப்பா கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும். தபால் ஆபீஸ் கிளார்க். ஒருநாள்கூட என்னை அடித்ததில்லை. எனக்கு டைபாய்டு வந்தபோது, லீவு தீர்ந்துபோய் சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று ராத்திரி பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினார். பதவி உயர்வு வந்தபோது, வெளியூர் போனால் என் படிப்பு கெடும் என்று வேண்டாமென எழுதிக் கொடுத்தார். நான் பரீட்சைக்குப் படித்த ராத்திரிகளில் அவரும் எதிரில் ஒரு புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு விழித்திருப்பார். ஒரே பக்கம் ரொம்ப நேரம் திறந்திருக்கும்!

ஆனால், ஆற்றில் மட்டும் இறங்க விடவில்லை. ஏன் என்று கேட்டால், "வேணாம்னா வேணாம்" என்பார். அவ்வளவுதான்.

அப்பா போய்ச் சேர்ந்து, காரியம் முடிந்த அன்று சாயங்காலம், அத்தை என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார்.

"தம்பி, உங்கப்பனுக்கு மேல ஒருத்தன் இருந்தான், தெரியுமா?"

தெரியாது. எனக்குத் தெரிந்து அப்பாதான் மூத்தவர்.

"பன்னெண்டு வயசு. ஆத்துல குளிக்கப் போனவன் வரலை. உங்கப்பன் படியில நின்னு பார்த்துக்கிட்டு இருந்திருக்கான். அப்ப அவனுக்கு எட்டு வயசு. அதுக்கப்புறம் அந்தப் பேரையே வீட்டுல யாரும் எடுக்கலை. எனக்கே எங்கம்மா சாகறதுக்கு முந்திதான் சொல்லிச்சு."

நாற்பது வருஷம் ஒரே வீட்டில் ஒரே சாம்பாரைச் சாப்பிட்டிருக்கிறோம். ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷர். அன்று என் இடது மணிக்கட்டை நானே தடவிப் பார்த்துக்கொண்டேன்.

காரணம் தெரிந்துவிட்டது. பயம் போய்விட்டதா? அதுதான் இல்லை. என் மகள் படித்த பள்ளிக்கூடத்தில் நீச்சல் வகுப்பு உண்டு. ஆறாம் வகுப்பில் சம்மதக் கடிதம் கொண்டுவந்து நீட்டினாள். "குளோரின் தண்ணி, தோலுக்கு ஆகாதும்மா" என்றேன். ஏழாம் வகுப்பில், "உனக்குத்தான் அடிக்கடி சளி பிடிக்குதே." எட்டாம் வகுப்பில், "பரீட்சை வருதுல்ல?" மூன்று வருஷம், மூன்று காரணம். எதுவுமே உண்மைக் காரணம் இல்லை. என் அப்பாவாவது "வேணாம்னா வேணாம்" என்று யோக்கியமாகச் சொன்னார். நான் அவர் பயத்துக்கு விஞ்ஞானச் சட்டை மாட்டிவிட்டேன்.

*

விஞ்ஞானம் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தக் குழப்பத்தில் இருந்தபோதுதான் சார்லஸ் டார்வினைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. குரங்கு, பரிணாமம், தாடி... நமக்குத் தெரிந்த டார்வின் அவ்வளவுதான். டார்வின் எப்படிப்பட்ட அப்பா என்று படித்தபோது, திருவையாற்றுப் படித்துறையில் அவரும் நின்றிருப்பது போலத் தோன்றியது.

முதலில் அவருடைய அப்பாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ராபர்ட் டார்வின், பெரிய டாக்டர். ஆளும் பெரிய ஆள். படிக்காமல் துப்பாக்கியும் நாயும் எலிவேட்டையுமாகத் திரிந்த மகனைப் பார்த்து, 'நீ குடும்பத்துக்கே அவமானமாகப் போகிறாய்' என்று திட்டியவர். 1831-ல் 'பீகிள்' கப்பலில் உலகம் சுற்றும் வாய்ப்பு வந்தபோதும் முதலில் மறுத்துவிட்டார். ஆனால் கதவை முழுசாகச் சாத்தவில்லை. புத்தியுள்ள ஒரு மனுஷராவது போகலாம் என்று சொன்னால் சம்மதிக்கிறேன் என்றார். டார்வினின் தாய்மாமன் வந்து அண்ணன் தம்பி மாதிரி பேசி, காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். அப்பா இறங்கிவந்தார். பயணத்துக்குப் பணமும் கொடுத்தார். மகனைத் திட்டின அப்பாவையும், மனசை மாற்றிக்கொண்ட அப்பாவையும் டார்வின் கடைசிவரை மரியாதையோடுதான் நினைத்தார்.

ஊர் திரும்பிய டார்வின் 1839-ல் கல்யாணம் செய்துகொண்டது அதே தாய்மாமன் மகளைத்தான். நம்ம ஊர் முறைப்பெண்! எம்மா, அவரைவிட ஒன்பது மாதம் மூத்தவர். 1842-ல் கென்ட் பகுதியில் டவுன் என்ற கிராமத்தில் ஒரு வீட்டை வாங்கிக் குடியேறினார்கள். நாற்பது வருஷம், சாகும்வரை, அங்கேதான். மொத்தம் பத்துப் பிள்ளைகள்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் வசதியான வீட்டு அப்பாக்கள் பிள்ளைகளைத் தாதியிடம் விட்டுவிட்டு, சாயங்காலம் ஒரு தடவை பார்ப்பார்கள். டார்வின் வீடு அப்படி இல்லை. மாடிப்படியில் மரப்பலகையைச் சாய்த்துவைத்துப் பிள்ளைகள் சறுக்கி விளையாடுவார்கள். அப்பாவின் ஆராய்ச்சி அறைக்குள் கத்தரிக்கோல், நூல் என்று எதையாவது கேட்டுக்கொண்டு நுழைவார்கள். நாலு வயசுப் பையன் ஒருவன், வேலை நேரத்தில் அப்பா விளையாட வந்தால் ஆறு பென்ஸ் தருவதாக லஞ்சம் பேசிப் பார்த்திருக்கிறான். 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகத்தின் கையெழுத்துத் தாள்கள் சில இன்றைக்கும் பிழைத்திருக்கின்றன. காரணம், பின்பக்கத்தில் பிள்ளைகள் படம் வரைந்திருக்கிறார்கள். உலகத்தையே புரட்டிப்போட்ட புத்தகம் அந்த வீட்டில் ரஃப் நோட்டு!

பிள்ளைகளை வேலையிலும் சேர்த்துக்கொண்டார். வண்டுத்தேனீ எந்த வழியாகப் பறக்கிறது என்று பார்க்க, தோட்டத்தில் ஆளுக்கொரு புதரடியில் நிறுத்திவிடுவார். தேனீ வந்ததும் அந்தக் குழந்தை 'இங்கே!' என்று கத்த வேண்டும். கப்பல் அடியிலும் பாறையிலும் ஒட்டிக்கொண்டிருக்குமே பார்னக்கிள் என்கிற சின்ன ஓட்டுப் பிராணி, அதை எட்டு வருஷம் மைக்ராஸ்கோப்பில் வைத்து ஆராய்ந்தார் டார்வின். அந்த வீட்டுக் குழந்தை ஒன்று பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி, 'அவர் எங்கே உட்கார்ந்து பார்னக்கிள் பார்ப்பார்?' என்று கேட்டதாம். அப்பா என்றால் பார்னக்கிள் பார்ப்பவர். உலகத்தில் எல்லா அப்பாக்களும் அதைத்தான் செய்வார்கள் என்று அது நினைத்திருக்கிறது.

எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள். ஒரு நல்ல அப்பா பிள்ளைக்கு உபதேசம் பண்ணத் தேவையில்லை. அவர் எப்படி இருக்கிறாரோ அதுதான் உலகம் என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. அந்த வீட்டிலிருந்து ஜார்ஜ் வானியல் பேராசிரியரானார். கடல் ஏற்றவற்றத்தைக் கணக்குப் போட்டவர். பிரான்சிஸ் தாவரவியல் அறிஞரானார். ஹொரேஸ் விஞ்ஞானக் கருவிகள் செய்யும் கம்பெனி நடத்தினார். மூன்று பேருமே ராயல் சொசைட்டி உறுப்பினர்கள். மூன்று பேருக்குமே 'சர்' பட்டம். 'நல்ல அப்பா, நல்ல பிள்ளைகள்' என்று இங்கேயே கட்டுரையை முடித்துவிடலாம்.

முடிக்க முடியவில்லை. ஏனென்றால், ஆனி இருக்கிறாள்.

*

ஆனி, மூத்த மகள். அப்பாவின் செல்லம். தலையை வாரிவிட்டு, காலரைச் சரிசெய்து அப்பாவை அலங்காரம் பண்ணுகிற பெண். 1851-ல், பத்து வயதில், அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. மால்வெர்ன் என்ற ஊரில் தண்ணீர் வைத்தியம் பிரபலம். டார்வினுக்கே அங்கே கொஞ்சம் குணமாகியிருந்தது. மகளையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். எம்மா நிறைமாதக் கர்ப்பிணி. வீட்டை விட்டு நகர முடியாது. நோய் முற்றியதும் அப்பாதான் ஓடினார். படுக்கை பக்கத்திலேயே உட்கார்ந்து, வாந்தி எடுத்தது, ஒரு ஸ்பூன் கஞ்சி இறங்கியது, லேசாகச் சிரித்தது என்று எம்மாவுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். ஏப்ரல் 23-ம் தேதி ஆனி இறந்துபோனாள்.

ஒரு வாரம் கழித்து, அவள் எப்படி நடப்பாள், எப்படிக் கட்டிக்கொள்வாள் என்று சில பக்கங்கள் எழுதிவைத்தார். அதோடு சரி. அடுத்த மகள் ஹென்ரியெட்டா, வீட்டில் 'எட்டி' என்று கூப்பிடுவார்கள், பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். தனக்குத் தெரிந்து அப்பா ஆனியைப் பற்றிப் பேசியதே இல்லையாம். அந்தப் புண்ணைத் திரும்பத் திறக்க அவரால் முடியவில்லையாம்.

இந்த இடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். கொல்லைப்பக்கம் நின்ற அத்தை நினைவுக்கு வந்துவிட்டார். "அதுக்கப்புறம் அந்தப் பேரையே யாரும் எடுக்கலை."

பேசாத துக்கம் எங்கே போகும்? கையில் போய் உட்காரும். என் அப்பாவுக்குப் பிடியாக வந்தது. டார்வினுக்குக் கவலையாக வந்தது. அவரே நிரந்தர நோயாளி. வயிற்று உபாதை, வாந்தி, படபடப்பு. தன் சீக்கு பிள்ளைகளுக்கும் போயிருக்குமோ? மாமன் மகளைக் கட்டினதால்தான் பிள்ளைகள் பலவீனமாகப் பிறக்கிறார்களோ? ஆனி மட்டுமல்ல, இன்னும் இரண்டு குழந்தைகளைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவர். ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்றால், தன் அறை சோபாவிலேயே போர்த்திப் படுக்கவைத்துக்கொண்டு வேலை பார்ப்பார். இதைவிட அன்பான காட்சி எது? ஆனால், அந்த சோபாவிலிருந்து குழந்தைகள் என்ன கற்றுக்கொண்டார்கள்?

பேத்தி ஒருத்தி அதைச் சொல்லியிருக்கிறார். க்வென் ராவெராட். ஜார்ஜின் மகள், மரச்செதுக்கு ஓவியர். தாத்தா 1882-ல் இறந்தார், இவர் பிறந்தது 1885-ல். என் மகளைப் போலவே தாத்தாவைப் பார்க்காத பேத்தி. அவர்கள் வீட்டுக் குழந்தைகள் தாத்தாவை, கடவுளும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் இருக்கிற அலமாரியில் மூன்றாவதாக வைத்திருந்தார்களாம்! 1952-ல் அவர் எழுதிய குடும்பக் கதை 'பீரியட் பீஸ்'. அதில் போட்டு உடைத்துவிடுகிறார். தாத்தா பாட்டி வீட்டில் நோயாளியாக இருப்பது ஒரு கௌரவம். தாத்தா எப்போதும் நோயாளி. பிள்ளைகளுக்கு அவர் மேல் உயிர். உயிரான அப்பா செய்வதைப் பிள்ளைகளும் செய்தார்கள். படுத்தால் பாட்டியின் பரிவு வேறு கிடைக்கும்.

அத்தை எட்டியின் கதையைக் கேளுங்கள். பதின்மூன்று வயதில் ஏதோ காய்ச்சல். கொஞ்ச நாள் படுக்கையிலேயே காலை ஆகாரம் சாப்பிடட்டும் என்றார் டாக்டர். அதன்பிறகு அந்த அம்மாள் வாழ்நாளில் ஒருநாளும் எழுந்துவந்து காலை ஆகாரம் சாப்பிடவில்லை! பக்கத்தில் யாருக்காவது ஜலதோஷம் என்றால், கம்பி வடிகட்டிக்குள் மருந்துப் பஞ்சை அடைத்து, மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு மூடியைத் தானே கண்டுபிடித்து வைத்திருந்தார். கொரோனாவைப் பார்த்துவிட்ட நாம் சிரிக்கக் கூடாது. அந்தக் காலத்தில் சிரித்தார்கள். இவ்வளவுக்கும் அவர் எத்தனை வயது இருந்தார் தெரியுமா? 84!

இத்தனைக்கும் எட்டி சாதாரணப் பெண் இல்லை. அப்பாவின் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக் கொடுத்தவர். அப்பா அவருடைய திருத்தங்களை மதித்து ஏற்றுக்கொண்டார். அறிவும் வந்தது, பயமும் வந்தது. ஒரே கையிலிருந்துதான் இரண்டும் வந்தன.

*

நான் திரும்பத் திரும்ப யோசித்தது இதைத்தான். பிள்ளைகளுக்கு நல்லதை மட்டும் கொடுக்க முடியுமா?

அவையில் முன்வரிசையில் உட்காரும்படி மகனை ஆக்குவதுதான் தந்தை செய்யும் உதவி என்கிறார் வள்ளுவர். சரிதான். அது நாம் தெரிந்து கொடுப்பது. தெரியாமல் கொடுப்பது? வீடு, நகை, நிலம் என்றால் பத்திரம் எழுதி, சர்வே நம்பர் போட்டுக் கொடுக்கலாம். வேண்டாத நிலத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். நம் சுபாவத்துக்குப் பத்திரம் கிடையாது. வந்ததை வந்தபடி பிள்ளை வாரிக்கொள்கிறது. அன்பு எந்த வாய்க்காலில் போகிறதோ, அதே வாய்க்காலில்தான் பயமும் போகிறது. அன்பில்லாத அப்பாவாக இருந்தால் பிள்ளைக்கு அவர் பயம் ஒட்டாது. உயிரான அப்பாவாக இருந்தால்தான் ஒட்டும். க்வென் சொன்னதன் கசப்பான அர்த்தம் அதுதான்.

அப்படியானால், நல்ல அப்பாவாக இருப்பதே தப்பா?

டார்வின் வீட்டிலேயே இதற்குப் பதிலும் இருக்கிறது. அதே பயத்தை வேறு பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1870-ல் டார்வின் ஒரு யோசனை சொன்னார். அடுத்த வருஷ மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா என்று ஒரு கேள்வி சேர்க்க வேண்டும். பக்கத்து ஊர் நண்பர் ஜான் லபக் நாடாளுமன்றத்தில் எழுப்பினார். நிராகரித்துவிட்டார்கள். மகன் ஜார்ஜ் விடவில்லை. தானே புள்ளிவிவரம் திரட்டி 1875-ல் வெளியிட்டார். அப்பா பயந்த அளவுக்குக் கெடுதல் தெரியவில்லை என்பது அவர் கண்டது. இன்றைய மரபியல், நெருங்கிய சொந்தத்தில் சில நோய்களுக்கு வாய்ப்பு கூடுகிறது என்கிறது. அது வேறு விஷயம். நான் சொல்ல வந்தது, ஜார்ஜ் அப்பாவின் பயத்தைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, அளந்தார் என்பதை.

இன்னொரு மகன் லெனார்ட். ராணுவத்தில் மேஜராக இருந்தவர். 1911 முதல் 1928 வரை, யார் பிள்ளை பெறலாம், யார் பெறக் கூடாது என்று சமூகம் தீர்மானிக்க வேண்டும் என்ற இயக்கத்துக்கு அவர் தலைவர். அந்தச் சிந்தனை பிற்காலத்தில் பல நாடுகளில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பது உலகத்துக்குத் தெரியும். தன் பிள்ளைகளின் உடம்பைப் பற்றி ஒரு அப்பா ராத்திரி படுக்கையில் பட்ட கவலை, மகன் கையில் அடுத்தவன் பிள்ளையின் மேல் தீர்ப்பாக மாறியதும் உண்டு.

ஒரே அப்பா. ஒரே பயம். எட்டி அதற்குள் குடியிருந்தார். ஜார்ஜ் அளந்து பார்த்தார். லெனார்ட் ஊர் மேல் ஏவினார். ஆகவே, அப்பா கொடுத்ததோடு கதை முடிவதில்லை. வாங்கினவர் என்ன செய்கிறார் என்பதில் பாதி இருக்கிறது.

பேரன் பேத்திகள் காலத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. க்வென் சிரித்துவிட்டார். அவருடைய புத்தகத்தில் ஒரு வரியிலும் வெறுப்பு கிடையாது. சித்தப்பாக்களையும் அத்தைகளையும் கொஞ்சிக்கொண்டே சிரிக்கிறார். நேசித்துக்கொண்டே சிரிக்க முடிந்தால், பாதிச் சுமை இறங்கிவிட்டது என்று அர்த்தம். இன்னொரு பேத்தி நோரா பார்லோ, ஹொரேஸின் மகள். தாத்தாவின் சுயசரிதையை வெளியிட்டபோது, மதத்தைப் பற்றி அவர் வெளிப்படையாக எழுதிய பகுதிகளைப் பாட்டி மனசு நோகும் என்று வெட்டியிருந்தார்கள். 1958-ல் நோரா அதையெல்லாம் திரும்பச் சேர்த்துப் பதிப்பித்தார். பிள்ளைகள் மறைத்ததைப் பேத்தி திறந்தார்.

ஆனி? அவளுடைய எழுதுபொருள் பெட்டியை எம்மா பத்திரமாக வைத்திருந்தார். பேனா, தாள், பாதியில் நின்ற தையல் வேலை. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி, எள்ளுப்பேரன் ராண்டல் கெய்ன்ஸிடம் அது வந்தது. அவர் அதை வைத்து 2001-ல் 'ஆனியின் பெட்டி' என்று ஒரு புத்தகம் எழுதினார். அப்பா வாய்விட்டுப் பேச முடியாத மகளின் கதையை முழுசாகப் பேசி முடிக்க, ஒரு குடும்பத்துக்குச் சரியாக 150 வருஷம் ஆகியிருக்கிறது.

நமக்கு அவ்வளவு நேரம் கிடையாது.

எனக்குத் தோன்றுகிற விடை இது. பயமே இல்லாத அப்பாவாக இருக்க யாராலும் முடியாது. பிள்ளை பெற்றவனுக்கு பயம் கூடவே பிறக்கிறது. ஆனால், பயத்தைக் கொடுக்கும்போது அதன் கதையையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம். கதை இல்லாமல் வருகிற பயம் சட்டமாகிவிடும். "வேணாம்னா வேணாம்." கதையோடு வந்தால், 'இது தாத்தாவுக்கு நடந்தது, எனக்கு நடந்தது இல்லை' என்று பிள்ளையால் தனியாகப் பிரித்து வைக்க முடியும். என் அப்பா படித்துறையில் ஒரு தடவை, "இங்கேதான்டா எங்கண்ணன் போனான்" என்று சொல்லியிருந்தால், நான் நீச்சல் கற்றிருப்பேனா? தெரியாது. ஆனால், அந்தப் பிடிக்குள் என்ன இருந்தது என்று தெரிந்திருக்கும். அழுத்தத்துக்குப் பதில் அவர் கையின் நடுக்கம் தெரிந்திருக்கும். ஒருவேளை நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

*

ஒன்பதாம் வகுப்பில் மகள் கடிதம் கொண்டுவரவே இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. 'இந்த வருஷம் என்ன காரணம் சொல்வார் என்று பார்ப்போம்' என்ற குறும்புகூடப் போய்விட்டது. "எனக்கு தண்ணின்னா கொஞ்சம் பயம்தான்ப்பா" என்றாள் சாதாரணமாக. காவிரியை ரயில் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்த பெண்.

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும், கூடத்தில் தாத்தா போட்டோவுக்குக் கீழே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். படித்துறை, செம்பு, மணிக்கட்டு, அத்தை கொல்லைப்பக்கம் சொன்னது. குளோரின், சளி, பரீட்சை எல்லாம் பொய் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அவள் கொஞ்ச நேரம் போட்டோவைப் பார்த்தாள்.

"பாவம்ப்பா தாத்தா. எட்டு வயசுல..." என்றாள். பிறகு, "உங்களுக்கும்தான் பாவம்" என்றாள்.

அந்த வருஷம் கோடை விடுமுறையில் அவளை நீச்சல் குளத்தில் சேர்த்தோம். முதல் நாள். மாஸ்டர் விசில் ஊதினார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு. "என்னங்க, உட்காருங்க" என்றாள் மனைவி. உட்கார முடியவில்லை. தலை தண்ணீருக்குள் போனது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். வெளியே வந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, என்னைத் தேடிக் கையை ஆட்டினாள்.

நான் பதிலுக்கு ஆட்டப் போனேன். அப்போதுதான் கவனித்தேன். என் வலது கை என் இடது மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது. விரலைப் பிரித்துப் பார்த்தால், அதே இடத்தில் நாலு கோடு.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். ஈரத் தலையோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, டிக்கெட்டை வாங்கி செல்போன் உறைக்குள் செருகிக்கொண்டாள். நான் என்னுடையதை நாலாக மடித்து வாட்ச் பட்டைக்கு அடியில் தள்ளினேன்.

இது இருக்கட்டும். இதனால் யாருக்கும் நஷ்டமில்லை.